மாடியில் ஈரம்

ஜெரேனியம் குளிர் தேடும் செடி. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டு ஜன்னல்களுக்குக் கீழே அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும். ஆசைப்பட்டு அதை வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்துத் திருப்பூருக்குக் கொண்டு வருகிறவர்கள் தை, மாசி வரைக்கும் அழகு பார்ப்பார்கள். பங்குனி பிறந்ததும் இலை மஞ்சளாகும், தண்டு கறுக்கும். சித்திரையில் தொட்டி காலி. அடுத்த வருடம் மறுபடி வாங்கி வருவார்கள்.

தேவிப்பிரியாவுக்கு அப்படி வருடா வருடம் வாங்கிச் சாகக் கொடுக்கப் பிடிக்கவில்லை. திருப்பூர் வெயிலைத் தாங்கிப் பூக்கிற ஜெரேனியம் ஒன்றைத் தன் மாடியிலேயே உண்டாக்கிவிட வேண்டும் என்று இறங்கினாள். அவள் தாவரவியலில் முதுகலை படித்தவள். படிப்பு முடிந்த கையோடு திருப்பூர் ராயபுரத்துக்கு மருமகளாக வந்தாள். கணவன் தரணீதரன் ஜட்டிகளுக்கு எலாஸ்டிக் நாடா நெய்கிற யூனிட் வைத்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் படிப்பைப் பற்றி ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகள் அக்ஷரா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு பகல் பொழுது நீண்டுபோனது. அப்போதுதான் இந்த வேலை பிடித்துக்கொண்டது.

அவளிடம் இரண்டு வகைச் செடி இருந்தது. ஒன்று நிமிர்ந்து நின்று கொத்தாகச் சிவப்பில் பூப்பது. இன்னொன்று கொடி போலத் தொங்குவது. அதன் பூ சுமார்தான், ஆனால் இலை தடிப்பாக, மெழுகு பூசினது போல இருக்கும், வெயிலுக்குச் சட்டென்று வாடாது. சிவப்பின் மொட்டை விரிவதற்கு முன்னாலேயே பிரித்து, மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுவாள். ஓரிரு நாளில் நடுவிலிருக்கும் சூல்முடி ஐந்து இழையாகப் பிரிந்து சுருளும். அப்போது கொடி வகையின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு வைத்து, பனியன் துணியில் தைத்த குட்டிப் பையால் பூவை மூடிக் கட்டுவாள். பெரும்பாலும் காய் பிடிக்காது. பிடித்தால் கொக்கின் அலகு மாதிரி நீளும். அது வெடித்து விதை பறப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அந்த விதைகளை முளைக்க வைத்து, பூத்தவற்றில் நல்லதைப் பொறுக்கி, அவற்றை மறுபடி ஒன்றோடொன்று சேர்த்து, இப்படியே சில வருடங்கள் ஓடின. இந்தக் கோடையில் மாடி நிறைய நாற்றுகள் நின்றன. எல்லாம் அவள் கையால் பிறந்தவை.

சித்திரை வெயில்தான் அவற்றுக்குப் பரீட்சை. எது தாங்குகிறதோ அது தேறட்டும், மற்றது போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. தெரிந்தும் அவளால் முடியவில்லை. மதியம் மாடிக்கு வந்து தலை தொங்கி நிற்கும் நாற்றுகளைப் பார்த்தால் மனசு கேட்காது. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு ஜன்னல் வழியாக விடை சொல்லிக் கொடுக்கிற தாய் போல, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிடுவாள்.

அந்தத் தண்ணீரில்தான் சிக்கல் இருந்தது. வீட்டுப் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காத உப்பு. அதை ஊற்றினால் ஜெரேனியத்தின் இலையோரம் தீய்ந்துவிடும். ஆகவே குழாயில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் ஊற்றினாள். அது வாரத்துக்கு ஒரு தரம் வந்து மேடை மேல் கட்டிய தொட்டியில் நிறையும். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து லைன் வீடுகள். குடியிருப்பவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். அவர்களுக்கும் அதே தொட்டிதான். லைன் வீடுகளுக்குப் போகிற குழாயின் வால்வு தேவிப்பிரியாவின் சமையலறைக்கு வெளியே இருந்தது. அவள் திறந்தால் வரும், மூடினால் நிற்கும்.

அந்தச் சித்திரையில் எங்கோ பெரிய குழாய் உடைந்து, பழுது பார்க்கிறார்கள் என்றார்கள். வர வேண்டிய வாரம் தண்ணீர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தொட்டியில் பாதிக்குக் கீழே இருந்தது. தேவிப்பிரியா வால்வை மூடினாள்.

லைன் வீட்டில் கடைசி வீடு அனுசுயாவுடையது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்குத் தைத்த பனியன்களில் குறை பார்க்கிற செக்கிங் வேலை, கணவன் ராஜபாண்டி டெய்லர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் காலையில் அனுசுயா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ளைக்கு நேத்துல இருந்து வயித்தால போகுது. கஞ்சி வைக்கணும். ஒரே ஒரு குடம் நல்ல தண்ணி கிடைக்குமா?"

தேவிப்பிரியா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எங்களுக்கே இல்லீங் கண்ணு. தொட்டி காஞ்சு போச்சு. நாங்களே கேன் வாங்கித்தான் ஓட்டறோம்" என்றாள். சொன்ன பிறகுதான், எவ்வளவு சரளமாக வந்துவிட்டது என்று அவளுக்கே பட்டது. ஒரு குடம் கொடுத்தால் ஐந்து வீடும் வந்து நிற்கும், அப்புறம் செடிகள் என்னாவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அய்யோ, உங்களுக்குமா?" என்றாள் அனுசுயா. அதில் கேலி இல்லை. "சரிக்கா, பாத்துக்கிடுதேன்" என்று காலிக் குடத்தோடு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேவிப்பிரியா மோட்டாரைப் போட்டு, ரப்பர் குழாயை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சூடான சிமென்டுத் தரையில் தண்ணீர் பட்டதும் ஆவி எழுந்தது. வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். நனைந்த இலையின் வாசம் மாடியெங்கும் நிறைந்தது. படியில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. குடியிருப்பவர்கள் மாடிக்கு வருவதில்லை என்பதால், கணவன்தான் என்று திரும்பாமலே இருந்தாள்.

"அக்கா, தண்ணி லாரி வந்திருக்கு. தெருமுனைல நிக்கிது" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் அனுசுயா. "உங்களுக்கும் சேத்து ரெண்டு குடம் வரிசைல போட்டு வச்சிருக்கேன். கீழ கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே..."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. தரையில் ஓடிய ஈரம் அனுசுயாவின் வெறுங்காலைத் தொட்டது. அவள் காலைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள். தேவிப்பிரியாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வந்ததை விட மெதுவாகப் படியிறங்கிப் போனாள்.

தேவிப்பிரியாவுக்கு ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. இது போர் தண்ணீர் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புதான் அவளை அப்படியே உட்கார வைத்தது. குழாயை மூடவும் மறந்து தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்தது.

இருட்டுவதற்குள் கீழே வந்தாள். சமையலறை வாசற்படியில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. தளும்பத் தளும்ப நிறைத்து, தூசி விழாமல் தட்டு போட்டு மூடியிருந்தது. அனுசுயாவின் குடங்கள்தான். மாடியில் அதைப் பார்த்த பிறகும் வரிசையில் நின்று, பிடித்து, சுமந்து வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தக் குடங்களைத் தேவிப்பிரியாவால் உள்ளே எடுக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. திருப்பிக் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது?

வேலை முடிந்து வந்த தரணீதரன் காலில் இடறப்போய், "இதென்ன வாசப்படீல?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்கற? நம்மூட்டுத் தொட்டி, நம்ம தண்ணி. என்ன திருடவா செஞ்சே?"

"இல்லைன்னு சொன்னனுங்க. கொழந்தைக்குக் கேட்டா."

"சொன்னாச் சொல்லீட்டுப் போ. இதையெல்லாமா நெனச்சுட்டிருப்பாங்க?"

அவன் அவளைத் தேற்றத்தான் பேசினான். ஆனால் காலையில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இது மாதிரி ஒரு சமாதானம்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் வால்வைத் திறந்துவிட்டு, "தண்ணி வருது, புடிச்சுக்கங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்தாள். நான்கு வீட்டுப் பெண்களும் குடங்களோடு வந்தார்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அனுசுயா வரவில்லை. அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது மற்றவர்களின் சாதாரண முகத்திலிருந்தே தெரிந்தது. நாலு பேரிடம் சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று தேவிப்பிரியாவுக்குத் தோன்றியது.

அதோடு மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோவதை நிறுத்தினாள். அது பிராயச்சித்தமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. குழாயைக் கையில் எடுக்கவே கூசியது, அவ்வளவுதான். நாற்றுகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் இலை மடங்கியது, பிறகு தண்டு சுருங்கியது. ஆசையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த, வெள்ளையாகப் பூத்த நாற்றும் போனது. கத்திரி முடிந்து குழாயில் வழக்கம்போலத் தண்ணீர் வர ஆரம்பித்தபோது, மாடியில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. அதுவரை அவள் பெரிதாகக் கவனிக்காத செடி. குட்டையாக, தடித்த இலையோடு, ஓரத்தில் நின்றிருந்தது. ஆனி மாதக் காற்றில் அது பூத்தது. வெளிறிய ரோஜா நிறம், இதழடியில் கருஞ்சிவப்பாகக் கீறல். அவள் இத்தனை வருடம் தேடியது அதைத்தான்.

அவள் சேர்ந்திருந்த மாடித்தோட்டக் குழுவின் தலைவி சித்ரகலா வந்து பார்த்து அசந்துபோனாள். அடுத்த கூட்டத்தில் கல்யாண மண்டபத்து ஹாலில் செடியை மேஜை மேல் வைத்து, தேவிப்பிரியாவை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். இரண்டு வகைகளைக் கலந்த விதத்தை அவள் தடங்கலில்லாமல் சொன்னாள்.

"அத்தன நாத்துல இதை எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"சித்திரைல தண்ணி ஊத்தறத நிறுத்தீட்டனுங்க. இது ஒண்ணு தாங்குச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். சித்ரகலா மைக்கை வாங்கி, "பெத்த புள்ளையாட்டம் வளத்ததக் காய விடறதுக்கு ஒரு மனத்திடம் வேணுங்க. எனக்கெல்லாம் அது வராது. இந்தச் செடிக்கு இவங்க பேரே வெச்சுரலாம்" என்றாள். மறுபடி கைதட்டல். சால்வை போட்டார்கள். புழுக்கத்தில் அந்தச் சால்வை கழுத்தைச் சுற்றிக் கம்பளி போல உறுத்தியது. "பேரு அப்பறமா வெக்கலாங்க" என்று மட்டும் முனகிவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்ததைச் சொல்லத் தனக்கு வாய் வராது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சால்வையை எங்கோ போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். அந்தச் செடியிலிருந்து கிள்ளி வேர்விட வைத்திருந்த கன்று ஒன்று சின்னத் தொட்டியில் முதல் பூவோடு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு லைன் வீட்டின் கடைசிக் கதவுக்குப் போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அனுசுயா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் தூங்கியது.

"அன்னைக்கு நான் இல்லைன்னது பொய் கண்ணு" என்றாள் தேவிப்பிரியா, நின்றபடியே. "தண்ணி இருந்துச்சு. செடிக்கு ஊத்தறதுக்காவத்தான் இல்லைன்னேன்."

அனுசுயா மடித்துக்கொண்டிருந்த பாவாடையை மடித்து முடித்தாள்.

"அதான் பாத்தேனேக்கா. அதைப் போயி ஏன் இப்பச் சொல்லுதீக? எனக்குத்தான் வெக்கமாப் போச்சு, கேக்காம மேல ஏறி வந்துட்டமேன்னு."

"நீ ஏன் வெக்கப்படோணும்?"

"என்னமோ, பாக்கக் கூடாததப் பாத்தாப்ல இருந்துச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "உப்புத் தண்ணிலதான் கஞ்சி வச்சேன். வாயில வச்சதும் துப்பிட்டா. அது மட்டுந்தான்க்கா மறக்க மாட்டேங்கிது. மத்தபடி ஒண்ணுமில்ல."

தேவிப்பிரியா கையிலிருந்த தொட்டியை நீட்டினாள். "இத வெச்சுக்க. நல்லாப் பூக்கும்."

அனுசுயா பூவைக் குனிந்து பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்பது போல லேசாகத் தலையசைத்தாள்.

"இதுக்குத் தண்ணிக்கு நான் எங்கக்கா போவேன்?" என்றாள்.

குத்திக்காட்டச் சொன்னாளா, உள்ளதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. இதற்கு அதிகம் தண்ணீர் வேண்டாம் என்ற பதில் தேவிப்பிரியாவின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லாமல் தொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு, லைன் வீட்டு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக ஒரு குழாய் போட வைத்தாள். வால்வு இல்லை, பூட்டும் இல்லை. வெட்டிச் செலவு என்று தரணீதரன் இரண்டு நாள் முனகினான். ரோஜா நிற ஜெரேனியம் குழுவில் கைமாறிக் கைமாறிப் பல வீடுகளுக்குப் போனது. பெயர் வேண்டும் என்று சித்ரகலா இப்போதும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அனுசுயா முன்போலவே, பார்த்தால் சிரிக்கிறாள். "சாப்ட்டீங்களாக்கா?" என்கிறாள். ஆனால் காலையில் முற்றத்துக் குழாயில் அவள் குடம் வைக்கிற நேரத்தில் தேவிப்பிரியா அந்தப் பக்கம் வந்துவிட்டால், பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏதோ மறந்துவிட்டது போல வீட்டுக்குள் போய்விடுகிறாள். தேவிப்பிரியா போன பிறகுதான் வெளியே வருகிறாள். இதைக் கவனித்த நாளிலிருந்து, குழாயடியில் குடச்சத்தம் அடங்கும் வரைக்கும் தேவிப்பிரியா பின்கதவைத் திறப்பதில்லை.