முன்சீட்டுக்காரி

செத்துப்போனவளோடு யாராவது சண்டை போடுவார்களா? தாட்சாயணி ஆறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தூர் கடலை மில் நாராயணசாமிக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் செங்கம்மா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, அது தவழ ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். போனாள் என்று பேர்தானே தவிர, வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. நடுவீட்டில் மஞ்சள் பூசிய கலசமாக உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு புதுப்புடவை வாங்கிக்கொண்டிருந்தாள். சுமங்கலியாகப் போனவள் அந்த வீட்டுக்குத் தெய்வம். இளையாளாக வருகிறவள் மூத்தவள் பேரில் ஒரு சின்னப் பொட்டுத்தகட்டைத் தன் தாலிக்கயிற்றிலேயே கோத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தாட்சாயணி குனிந்து கோலம் போட்டால் அவள் தாலியோடு சேர்ந்து செங்கம்மாவும் ஆடுவாள்.

வீட்டுக் காரும் செங்கம்மாவுடையதுதான். கல்யாணத்தில் அவள் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த கறுப்பு ஆஸ்டின். ஊரில் ஒருத்தரும் அதை மில்காரர் கார் என்று சொன்னதில்லை. ‘செங்கம்மா காரு’ என்பார்கள். முன்சீட் அவள் உட்கார்ந்து போன இடம் என்று, அவள் மகள் சுந்தரியைத் தவிர வேறு யாரையும் மாமியார் பொன்னியம்மா அங்கே உட்காரவிட மாட்டாள். சுந்தரி வராத நாளில் அந்த சீட் காலியாகவே போகும். தாட்சாயணி பின்னால் உட்கார்ந்து புருஷனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போவாள். அந்தப் பிடரியில் மூன்று மச்சம் இருப்பது அவன் அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது, இவளுக்குத் தெரியும்.

அந்தக் கார்தான் பங்குனி மாதம் வடமாலபேட்டைக்கு அப்பால், குறுக்கே வந்த எருமையைத் தப்பவிடப் போய்ப் புளியமரத்தில் மோதியது. காலியாக இருந்த முன்சீட் பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. நாராயணசாமிக்கு நெற்றியில் காயம், பின்னால் இருந்த தாட்சாயணிக்கு இடதுகை எலும்பு முறிவு. புத்தூர்க்காரிக்கு எலும்பு கட்ட வெளியூர் போக வேண்டுமா என்ன? முட்டையும் பச்சிலையும் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து மாமியார் சொன்னாள்.

“நீ முன்னாடி குந்திக்கினு இருந்தா இந்நேரம் ஒன்ன பொணமாத்தான் தூக்கியாந்திருப்பாங்க. செங்கம்மாதான் ஒன்ன பின்னால குந்தவெச்சிக் காப்பாத்தினா. கும்பிட்டுக்கோ.”

கை முறிந்தது இவளுக்கு, கும்பிடு அவளுக்கு.  ஆனாலும் ஆஸ்டின் இனிமேல் ஓடாது என்று மெக்கானிக் கையை விரித்தபோது, தாட்சாயணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஒரு வழியாக அவள் ஒழிந்தாள் என்று நினைத்தாள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள்.

அது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், புத்தூர் ஆந்திராவிலேயே நின்ற வருஷம். புதுக்காருக்கு எழுதிப்போட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஓடின கார்தான் பார்த்தார்கள். இரண்டு அமைந்தன. ஒன்று சித்தூரில் இருந்தது. வக்கீல் முனியப்பன் இனி நமக்கு மெட்ராஸ்தான் என்று வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறார், அவருடைய லேண்ட்மாஸ்டர். முனியப்பன் வேறு யாருமில்லை, செங்கம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பொன்னியம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

“தங்கச்சி வூட்டுக்குன்னா மறுபேச்சில்லன்ட்டாரு. கறுப்பு, பெரிய காரு. நம்ப பழைய காரு கணக்காவே கீது.”

மறுபடியும் அந்த வீட்டுக் கார். தாட்சாயணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டாவது திருப்பதியில், ஒரு டாக்டருடைய பியட். இளம்பச்சை நிறம். நாராயணசாமி அவளையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனான். ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்த டாக்டர், கட்டுப்போட்ட கையோடு நின்றவளைப் பார்த்து, “அம்மகாரு முந்தர கூர்ச்சோண்டி” என்று முன்னால் உட்காரச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அவருக்குச் செங்கம்மாவைத் தெரியாது. தாட்சாயணி புருஷனைப் பார்த்தாள். அவன் தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தாள்.

அலிபிரி வரைக்கும் போய்த் திரும்பினார்கள். முன்கண்ணாடி முழுக்க மலை தெரிந்தது. அவள் மலையைப் பார்க்கவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் அவன் கீழுதட்டைக் கடிக்கிறான் என்பதை அன்றுதான் கண்டாள்.

“புடிச்சிருக்கா?” என்று கேட்டான்.

அந்த வீட்டில் இதுவரை ஒரு புடவைக்குக்கூட அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“புடிச்சிருக்கு” என்றாள். கண் நிறைந்துவிட்டது.

இந்த ஒரு சீட்டுக்காக எதையும் செய்யலாம் என்று அப்போதே அவளுக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்தால், பொன்னியம்மா வேறு ஏற்பாடு வைத்திருந்தாள். “நீயும் சொல்ல வேணாம் நானும் சொல்ல வேணாம். வெள்ளிக்கெழம பூ வெச்சிக் கேட்டுடலாம். செங்கம்மா இன்னா சொல்றாளோ அதான்.”

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இலையில் மூடிக் கட்டிக் கலசத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் லேண்ட்மாஸ்டர், வெள்ளை வந்தால் பியட். பூவைப் பறித்து வந்தது பொன்னியம்மா. பொட்டலம் கட்டுவது தாட்சாயணி, ஏனென்றால் மூத்தாளுக்கு வேண்டியதை இளையாள்தான் செய்ய வேண்டும். அந்த வீட்டு முறை அது.

சமையற்கட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். செங்கம்மாவுக்குச் சக்தி இல்லை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சக்தி உண்டு என்று நம்பியதுதான் அவள் பயமே. நியாயமாகக் கேட்டால் அவள் தன் அண்ணன் காரைச் சொல்வாளா, இவளை முன்சீட்டில் உட்கார வைத்த காரைச் சொல்வாளா? தாட்சாயணி சிவப்பு அரளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளைப் பூவை இரண்டாகப் பங்கிட்டு, நூல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் இரண்டு பொட்டலமும் கட்டி முடித்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். எட்டு வயது சுந்தரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. பொன்னியம்மாவின் முகம் கொஞ்சம் விழுந்தது. “சரி, அவ இஷ்டம்” என்று எழுந்தாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் குழந்தை சும்மா இருக்குமா? மற்றதையும் எடுத்துப் பிரித்துவிட்டது.

“ஆயா, இதுவும் வெள்ளதான்.”

 தொலைந்தோம் என்று தாட்சாயணி நின்றாள். பொன்னியம்மா இரண்டு இலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“செவப்பு அரளிய என் கையால பறிச்சிக் குடுத்தேனே” என்றாள். பிறகு அப்படியே கலசத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். “செவப்பையே வெள்ளையா மாத்திட்டியேடி, எங்கம்மா.”

மருமகள் செய்திருப்பாள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. மூத்தாள் பூவில் கைவைக்க எந்த இளையாளுக்குத் துணிச்சல் வரும்? சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது, மஞ்சளும் குங்குமமுமாக.

நாராயணசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். தாட்சாயணி அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“இடுப்புல கீறத எடுத்து கெணத்துல போட்டுடு” என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். சிவப்பு அரளி பாதி வெளியே தெரிந்தது.

“அன்னிக்கே அந்த டாக்டராண்ட பியட்டு எனக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன். ஒனக்குப் புடிச்சிருக்குன்னுதான். பூவு எது வந்தாலும், தாட்சாயணி ஆசப்பட்டா, அதான் எடுக்கறேன்னு அம்மா எதிர்ல சொல்றதா இருந்தேன்.”

“இப்ப சொல்லுங்களேன்.”

“இப்ப இன்னான்னு சொல்றது? ஊரே செங்கம்மா செஞ்சதுன்னு கும்புடுது. அது இல்லன்னு சொன்னா, நீ பூவ மாத்தினத சொல்லணும். சொல்லட்டா?”

அவள் அரளியை உருவிக் கிணற்றில் போட்டாள். ஆறு வருஷத்தில் முதல்முதலாக அவளுக்கென்று வந்த ஒன்றை, அவள் கையாலேயே பொட்டலம் கட்டிச் செங்கம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். செத்தவள்மேல் வந்த பொறாமையைக்கூட இனி வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் திருட்டும் சேர்ந்து வெளியே வரும்.

பியட் வந்தது. முன்கண்ணாடியின் மேலே ‘செங்கம்மா துணை’ என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை எழுதினார்கள். எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாராவது படிக்க வேண்டுமே. முதல் சவாரி திருப்பதிக்கு. சுந்தரி ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். பொன்னியம்மா பிடித்து நிறுத்தினாள்.

“இனிமே நீயும் குந்தக்கூடாது கண்ணு. ஒங்கம்மா கேட்டு வாங்கின காரு.”

பட்டுத்துணி சுற்றிய கலசத்தை முன்சீட்டில் வைத்து, மாலை போட்டுக் கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். தாட்சாயணி புருஷனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். மூன்று மச்சமும் இடத்தில் இருந்தன.

வடமாலபேட்டை வளைவில் கார் திரும்பியபோது கலசம் ஒரு பக்கம் சாய்ந்தது.

“தாட்சாயணி, புடிச்சிக்கோ. உழுந்துடப் போறா” என்றாள் மாமியார்.

தாட்சாயணி நல்ல கையை முன்னால் நீட்டி, திருப்பதி போய்ச் சேரும் வரைக்கும் செங்கம்மா விழாமல் பிடித்துக்கொண்டு போனாள்.