நாத்தனார் கொடுத்தது

பல் பிடுங்கிய இடத்தில் சீழ் வைத்ததற்குத் தின்ற மாத்திரைகள்தான் மலர்விழியைப் படுக்கையில் தள்ளின. புண் ஆறிவிட்டது, வயிறு கெட்டது. மாத்திரை நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட, காலியான குடலில் பொல்லாத கிருமி ஒன்று குடியேறிவிட்டதாம். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு நிற்கும், மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வந்துவிடும். மூன்று முறை இப்படியே. மலேசியாவின் கிள்ளான் நகரில் பூக்கடையை ஒற்றை ஆளாக நடத்தியவள் பதினாறு கிலோ இளைத்து, கழிவறை வாசலிலேயே பாய் போட்டுக் கிடந்தாள்.

"இனி மருந்தை மாத்தி பிரயோஜனம் இல்ல, ஆன்டி," என்றார் டாக்டர் விஷ்ணுப்ரியா. "நல்ல கிருமிங்கள உள்ள குடிவைக்கணும். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்த கரைச்சு, வடிகட்டி, டியூப் வழியா உங்க குடல்ல விடுவோம்."

கணவர் வேலாயுதம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஐயோ, என்ன டாக்டர் இது!"

மலர்விழி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கேக்குமா, டாக்டர்?"

"பத்துல எட்டு பேருக்குக் கேக்குது."

"அப்ப செய்ங்க லா."

வேலாயுதம் போன மாதம்தான் இருமலுக்கு ஆன்டிபயோட்டிக் சாப்பிட்டிருந்தார். அதனால் அவர் கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தது காஜாங்கில் இருக்கும் அவர் தங்கை தாமரை. கல்யாண வீட்டுச் சண்டை ஒன்றில் உறவு முறிந்து, அவளோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மலர்விழியே போன் போட்டாள்.

"தாமரை, அண்ணி பேசுறேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்காத."

கேட்டு முடித்ததும் அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்பு. "மூணு வருஷம் கழிச்சு கேக்குறது இதுவா, அண்ணி?" மலர்விழிக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "சரி, எந்த டெஸ்ட்டுக்கு எப்ப வரணும்? சொல்லுங்க."

இரத்தம், மலம் எல்லாச் சோதனையிலும் தாமரை தேறினாள். சிகிச்சை ஒரே காலையில் முடிந்தது. மூன்றாம் நாள் போக்கு நாளுக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. ஏழாம் நாள் கழிவறைக்குள்ளிருந்து "ஏங்க!" என்று ஒரு கூச்சல். விழுந்துவிட்டாளோ என்று வேலாயுதம் ஓடினார்.

"வந்து பாருங்க! கெட்டியா!"

எட்டிப் பார்த்த மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

மூன்று மாதம் ஆகியும் போக்கு திரும்பவில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தாமரைக்கு எதிரே வாழை இலை போட்டு உட்கார்ந்தாள் மலர்விழி. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றும் வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் இரண்டு மணி நேரம், ஒரு தடவைகூட எழுந்திருக்காமல், நாத்தனாரிடம் பேசித் தீர்த்தாள்.