டெரிக் மனலாங் எந்த ஊர்?

1

இந்தக் கதை பொரித்த ரோல்ஸ் பலகாரம் வைத்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் பிறந்தது. நேற்றுச் சனிக்கிழமை, ஜெர்மனியில் ஹம் நகரத்து விளையாட்டு மண்டபம் ஒன்றில் எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களின் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. தேநீர்க் கடை என் பொறுப்பு. கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே: பந்து பெரியது, விளையாடுகிறவர்களும் பெரியவர்கள். இந்த அறிவோடுதான் ஒரு தொழில்முறை ஆட்டக்காரனின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில், வெயில் கொளுத்தும் ஒரு மதியத்தில், பந்தொன்று தார்த்தரையில்..."

(விட்டுவிட்டேன். நான் ஸ்டொக்டனுக்குப் போனதில்லை. அன்று வெயிலா மழையா என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "டெரிக் மனலாங் ஒரு பறவையைப் போல..."

(இதுவும் சரிவராது. ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. தீக்கோழி ஒன்றுதான் அந்தக் கணக்குக்கு வரும், அதுவும் பறக்காது.)

மூன்றாவது, கொஞ்சம் உருப்படியானது: டெரிக்கின் அம்மா பிலிப்பைன்ஸ்காரி, தாதியாக வேலை பார்த்தவர். அப்பா அமெரிக்கர். பல்கலைக்கழகக் குழுவில் டெரிக் நன்றாகத்தான் விளையாடினான். ஆனால் பெரிய லீக்கில் யாரும் எடுக்கவில்லை. ஆறடி காணாது என்றார்கள். அம்மாவின் நாட்டுக்குப் போனான். மணிலாவில் ஆறடி தாராளம். மூன்று வருடம் சம்பளத்துக்கு ஆடினான், தெருவில் மறித்துப் படம் எடுத்தார்கள். தேசியக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது மட்டும் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். பதினாறு வயதுக்கு முன் அதை எடுத்திருந்தால்தான் அந்நாட்டுக்காரன் என்று சேர்த்துக்கொள்வார்களாம். டெரிக் எடுத்தது பதினேழில். அம்மாவுக்கு அந்த வருடங்களில் இரட்டை ஷிப்ட், தூதரகத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. ஒரே வருடத்தால் அவன் அமெரிக்கனாகிவிட்டான்.

பிறகு போலந்து. பிறகு இங்கே, மூன்றாம் பிரிவில் ஆடும் ஒரு குழு.* ஆறு வருடமாக உள்ளூர்ப் பத்திரிகை அவனை 'நமது அமெரிக்கர்' என்று எழுதுகிறது. அமெரிக்காவில் இருந்தபோது அவனைப் 'பிலிப்பைன்ஸ் பையன்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

* குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். பின்னால் வரப்போவது எந்தப் பக்கத்து முழங்கால் என்பதையும் சொல்லமாட்டேன். இது ஜெர்மனி. ஒருவருடைய முழங்காலைப் பற்றி எழுதுவதற்கும் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

3

முழங்காலுக்கு வருவோம். டெரிக்குக்கு முப்பத்தைந்து வயது. குழு அவனுக்குக் கடைசியாக ஒரு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. நாளை, திங்கட்கிழமை, மருத்துவர் முழங்காலைப் பார்ப்பார். வீக்கம் இல்லையென்றால் கையெழுத்து. இருந்தால் கைகுலுக்கி ஒரு பூங்கொத்து.

அந்த ஒரு வருடம் அவனுக்கு எதற்கு? எனக்கும் முதலில் விளங்கவில்லை. மூன்றாம் பிரிவில் இன்னொரு வருடம் ஓடி யார் என்ன கண்டார்கள் என்று ஒரு பந்தி எழுதி அழித்தேன். பிறகுதான் கியானாவைப் பற்றி அறிந்தேன். அவனுடைய மகள், ஒன்பது வயது, ஸ்டொக்டனில் தாயோடு இருக்கிறாள். அப்பா விளையாடுவதைக் கைபேசியில் மட்டுமே பார்த்திருக்கிறாள். ஒக்டோபரில் முதன்முறையாக இங்கே வருகிறாள், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அவள் வரும்போது டெரிக் களத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

4

அடுத்த பாத்திரம் சோதிலிங்கம் அண்ணை. அவரை எழுதப் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிறார், வாசிப்பார். ஆகவே அவர் அழகானவர், அறிவாளி.

அந்த விளையாட்டு மண்டபத்தைப் பராமரிப்பது அவருடைய வேலை. எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. மண்டபம் எட்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும். டெரிக்குக்காக ஆறு வருடமாக ஆறு மணிக்குத் திறக்கிறார். முழங்கால் சூடேற இரண்டு மணித்தியாலம் வேண்டும் என்று அவன் ஒருநாள் சொன்னதை மனதில் வைத்திருந்தார். பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை, சென்ற புதன்கிழமை வரை.

"தம்பி, சனிக்கிழமை ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"எங்கட ரீமில ஒராள் குறையுது. நிசாந்துக்கு வேலையில ஷிப்டை மாத்திப்போட்டாங்கள். அஞ்சு பேர் நிக்காட்டி ஆட்டத்தைத் துவங்கவே விடமாட்டினம்."

"ஏலாது அண்ணை. திங்கட்கிழமை எனக்கு டொக்டரிட்ட டெர்மின். வேற இடத்தில விளையாடக் கூடாதெண்டு ஒப்பந்தத்திலயும் கிடக்கு."

"விளையாட வேண்டாம். ஒரு மூலையில சும்மா நில்லும்."

(இருவரும் பேசியது ஜெர்மன். இரண்டு பேருடைய ஜெர்மனும் ஒரே அளவுக்கு ஓட்டை என்பதால் அவர்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும். டெரிக்கை யாழ்ப்பாணத்தான் ஆக்கியது நான்தான்.)

ஓடிச் சம்பாதித்தவனைப் பார்த்து மூலையில் நிற்கச் சொன்னவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். டெரிக்குக்குத் தன்னைப் பற்றித் தெரியும். பந்து கைக்கு வந்தால் கால் சொல்வழி கேட்காது. ஆனால் ஆறு வருடத்து விடியற்காலைகளையும் அவனுக்குத் தெரியும். இந்த மனிதரிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஓம் அண்ணை. நிக்கிறன்."

5

எங்கள் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஆடுகிறவரின் தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஊர் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். (மாப்பிள்ளை விதி பிந்திச் சேர்த்தது. வேற்றூர் மருமக்கள் நல்ல உயரமாக வரத் தொடங்கியதும் சேர்த்துவிட்டார்கள்.) படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரை எழுத வேண்டும். சோதி அண்ணை டெரிக்குக்கும் எங்கள் ஊரையே எழுதியிருந்தார். எழுதுகிற வேகத்தில் கை ஓடிவிட்டதாம். நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

எதிரணிச் செயலாளர் சிறீதரன் படிவத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"சோதி அண்ணை, இந்தப் பிள்ளை தாய்வழியோ, தகப்பன்வழியோ?"

"மாப்பிள்ளை."

"ஆற்றை வீட்டு மாப்பிள்ளை?"

சோதி அண்ணை கொஞ்சம் யோசித்தார். "எங்கட வீட்டு மாப்பிள்ளை எண்டு வையுங்கோவன்."

"உங்களுக்கு ரெண்டும் பெடியள் தானே?"

மண்டபமே சிரித்தது. டெரிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள் கூடி, தன் பெயர் உள்ள தாளைத் தூக்கிப் பிடித்தால் விஷயம் என்னவென்று எந்த மொழியிலும் அவனுக்கு விளங்கும். மணிலாவிலும் இப்படித்தான் நடந்தது. குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். மனதில் பாதிக்கு நிம்மதி. முழங்கால் தப்பியது, ஒக்டோபர் தப்பியது. மற்றப் பாதிக்கு ஏன் வலிக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

சிறீதரன் பொல்லாத மனிதர் அல்ல, ஒழுங்கு பார்க்கிற மனிதர். அவனிடம் வந்து ஜெர்மனில் கேட்டார்:

"தம்பி, பாஸ்போட் ஒண்டும் காட்ட வேண்டாம். நீர் எந்த ஊரெண்டு உம்மட வாயால சொல்லும். நீர் சொல்லுறதைத்தான் நான் எழுதுவன்."

அவிழ்ந்த நாடாவோடு டெரிக் எழுந்து நின்றான். இந்தக் கேள்விக்குத் தாள் கேட்காமல் பதில் மட்டும் கேட்ட ஆளை அவன் இதுவரை சந்தித்ததில்லை.

6

அவன் சொன்னது எனக்குக் கேட்டது. கையில் இடுக்கியோடு பத்தடி தூரத்தில் நின்றேன். ஆனால் எழுதமாட்டேன். எழுதினால் இது செய்தியாகிவிடும், செய்தி எழுத எனக்கு வராது. இரண்டு முடிவுகளைத் தருகிறேன்.

முடிவு ஒன்று. "ஸ்டொக்டன்" என்கிறான். எங்கள் ஊர் ஆடாமலே தோற்கிறது. திங்கட்கிழமை மருத்துவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறார். கையெழுத்து. ஒக்டோபரில் கியானா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா பதினொரு புள்ளி எடுக்கிறான், அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள். நல்ல முடிவு. சோதி அண்ணைக்கும் கோபமில்லை, இன்னும் ஆறு மணிக்கே திறக்கிறார். டெரிக்தான் இப்போதெல்லாம் எட்டு மணிக்கு வருகிறான்.

முடிவு இரண்டு. எங்கள் ஊரின் பெயரைச் சொல்கிறான். உச்சரிப்பு படுமோசம், ஆனாலும் சிறீதரன் எழுதிக்கொள்கிறார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான்கு நிமிடம் மூலையில் நிற்கிறான். ஐந்தாம் நிமிடம் பந்து வருகிறது. ஒரு சாண் உயரக் கோப்பையும் வீங்கிய முழங்காலுமாக வீட்டுக்குப் போகிறான். திங்கட்கிழமை பூங்கொத்து. ஒக்டோபரில் கியானா வருகிறாள், பார்க்க ஆட்டம் இல்லை. வெறும் மண்டபத்தில் அப்பா அவளிடம் பந்தைக் கொடுத்து, "எறி பார்ப்போம்" என்கிறான்.

(இரண்டாவதை எழுதும்போது அழுதேன். அதனால் அதுதான் நல்ல முடிவு என்று நினைக்காதீர்கள். நான் வெங்காயத்துக்கும் அழுவேன்.)

7

இன்று காலை இரண்டையும் சோதி அண்ணையிடம் கொடுத்தேன். கதவடியில் நின்றபடியே கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார். எது சரி என்று கேட்டேன். எந்த முடிவிலும் டெரிக் எதையோ இழக்கிறான், என்னால் தெரிவுசெய்ய முடியவில்லை என்றேன்.

"ரெண்டிலயும் பிள்ளை வருகுது தானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"பிறகென்ன."

தாளை என்னிடம் நீட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்றிலிருந்து முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கியானா ஒப்பந்தத்தைப் பார்க்க டிக்கெட் எடுக்கவில்லை.

ஆகவே வாசகரே, சிறீதரன் பேனையோடு காத்திருக்கிறார். டெரிக் வாயைத் திறக்கிறான். அவன் சொல்லும் அந்த ஒரு சொல்லை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அடுத்த வரி இதுதான்: விமான நிலையத்துக் கதவு திறக்கிறது, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தன் அப்பாவைத் தேடிக்கொண்டு வெளியே வருகிறது.