மகளுக்கான கேள்விகள்

"உங்க முடிவை நீங்களே எடுக்கறீங்களா?" என்று கணக்கெடுக்க வந்த பெண் மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எடுக்கறா, எடுக்கறா. போட்டுக்கங்க," என்றார் அப்பா.

அவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பேரத்தில் எதிராளியை வாய் திறக்க விடாமல் பேசிப் பழகியவர். டாக்டரிடம் போனால் மகளுக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் அவரேதான் சொல்வார்.

இருபது நாடுகளில் இளைஞர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று படிவத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று.

"மேல படிக்க வாய்ப்பு இருக்கா?"

"ஏன் இல்லாம? ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் காலேஜ்."

பொய்யில்லை. காலேஜ் அங்கேதான் இருந்தது. அதில் மகளுக்குச் சீட்டும் கிடைத்திருந்தது. நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். மார்க் ஷீட்தான் அப்பாவின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. "பொண்ணு ஒரு பங்கு படிச்சா மாப்பிள்ளை ரெண்டு பங்கு படிச்சிருக்கணும். அப்படிப்பட்டவனுக்கு நான் எங்க போறது?" என்று மனைவியிடம் புலம்பித் தீர்த்திருந்தார். மனிதனுக்கு எப்படியெல்லாம் கவலை வருகிறது பாருங்கள்.

"கடைசிக் கேள்வி. வேற நாட்டுல போய் வாழ ஆசை இருக்கா?"

"சேச்சே," என்றார் அப்பா.

"நாடெல்லாம் வேணாங்க," என்றாள் மகள். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. "ரெண்டு ஸ்டாப் போனா போதும். என் மார்க் ஷீட்டை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

வந்தவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். இந்தப் பதிலுக்கு அதில் கட்டமே இல்லை. பொழுது சாய்வதற்குள் இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாவம், அவள் பிழைப்பு அவளுக்கு.

மறுநாளும் பீரோ திறக்கவில்லை. சீட்டு போனது.

ஆறு மாதம் கழித்து ஆய்வின் முடிவு பேப்பரில் வந்தது. அப்பா சத்தமாக வாசித்தார்.

"பாத்தியா? இருபது நாட்டுல நமக்கு நாலாவது இடம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க குடுத்து வச்சவங்கம்மா."

மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, குரலும் உயரவில்லை.

"அது நீங்க சொன்ன பதில்ப்பா. என்னை இன்னும் யாரும் கேக்கல."