அலவி நானாவின் செற்றி

மேல்வீட்டு அலவி நானாவின் புதுச் செற்றியை, மூன்று பேர் சாய்ந்திருக்கும் அந்த மெத்தை இருக்கையை, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். வேறு யார்மீதும் பழியைப் போட வழியில்லை. மேல்மாடியிலிருந்து இறக்கும்போது அது படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. "உட்டுருவமா மகன்?" என்று செற்றிக்காரரே கேட்டார். நான் விடவில்லை.

கொட்டாஞ்சேனையிலுள்ள ஓர் உதவி நிதியத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வர இருந்தார். எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் கிடைத்திருந்தது. இந்த நாட்டில் கம்பஸ் படிப்பு இலவசம். சாப்பாடு, தங்குமிடம், பஸ் இவைதான் இலவசமில்லை. அப்பா வேலை பார்த்த கடை மூடி மூன்று வருடம். அம்மாவின் தையல் மெஷினிலும் நான் ஃபோன் திருத்தும் கடையின் சம்பளத்திலும் வீடு ஓடுகிறது. நான் போனால் அந்தச் சம்பளமும் போய்விடும். நிதியம் மாதாமாதம் உதவினால் பேராதனை, இல்லாவிட்டால் வெள்ளவத்தைக் கடையில் ஊரார் உடைத்த ஃபோன் திரைகள்.

எங்களுக்குக் கஷ்டமா என்று பார்க்கத்தான் அந்த ஆள் வருகிறார். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் அம்மாவின் கை தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. திரைச்சீலை மாறியது. கீழ்வீட்டுப் பூப்போட்ட கப்புகள் வந்தன.

"லவன், ரோல்ஸும் பட்டிஸும் வாங்கிக்கொண்டு வா. வாற மனிசனை இந்தப் பிளாஸ்டிக் கதிரையிலயே இருத்துறது?"

அதற்குத்தான் செற்றி. எங்கள் கதிரைகள் இரண்டும் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டன.

வந்தவர் பெயர் யேசுரட்ணம். செற்றியில் அமர்ந்து அதன் கைப்பிடியைத் தடவினார்.

"நல்ல செற்றி. புதுசோ?"

இந்த இடத்தில் ஒழுங்கான மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். என் வாய் அப்படி வளர்க்கப்படவில்லை.

"ஓம் அங்கிள். பழசை வேலைக்காரிக்குக் குடுத்திட்டம்."

அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். யேசுரட்ணம் சிரிக்கவில்லை, எழுதினார். பிறகு இன்னொரு பட்டிஸ் எடுத்தார்.

அதன்பின் ஆறு கிழமையாக நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யேசுரட்ணத்துக்கு ஃபோன் எடுத்தால், "கமிட்டி இருக்குத் தம்பி, பாப்பம்." மெசேஜ் போட்டால் இரண்டு கைகள் கும்பிடும் படம் வரும். யார் யாரைக் கும்பிடுகிறார்கள் என்பதே விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், "கடவுள் பாப்பார்." அப்பாவிடம் கேட்டால், "அம்மாட்டக் கேள்."

பேராதனையை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். பாடசாலைச் சுற்றுலாவில், பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது. பெரிய மரமொன்றின் கீழே ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் செருப்பு. அவள் முகம் நினைவில் இல்லை. மரம் மட்டும் இந்த ஆறு கிழமையில் கிளை கிளையாக வளர்ந்துவிட்டது. பகல் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைத் தண்டவாளத்தருகே போய் நிற்பேன். அதில் ஓடும் ரயில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும், கோட்டையில் இறங்கினால் பேராதனைக்குப் போகும் மலைநாட்டு ரயில். அதற்கு மேல் நான் நினைப்பதில்லை. நினைத்தால் கடைக்குத் திரும்பப் பிந்திவிடும்.

வெள்ளிக்கிழமை கம்பஸ் பதிவுக்குக் கடைசி நாள். புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நிதியத்தின் அலுவலகம் ஒரு ஃபார்மசிக்கு மேலே இருந்தது. யேசுரட்ணம் இல்லை. பேர்ணடெற் என்ற அலுவலர் மட்டும் ஃபைல்களுக்கு நடுவே பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் செற்றி எங்கட இல்லை," என்றேன்.

"எந்தச் செற்றி?"

எல்லாவற்றையும் சொன்னேன். படித் திருப்பம், கப்புகள், குளியலறைக்குள் கதிரைகள், இல்லாத வேலைக்காரி. வேலைக்காரி இடத்தில் அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து, கையைத் துடைத்து, என் ஃபைலைத் தேடி எடுத்தார்.

"'வசதியான குடும்பம். நல்ல உபசரிப்பு' எண்டு எழுதியிருக்கிறார்."

"அக்கா, கிடைக்குமோ கிடைக்காதோ? பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. இதுவரைக்கும் எல்லாரும் பாத்திட்டினம்."

இதையும் பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் குரல் பாதியில் என்னைக் கைவிட்டுவிட்டது. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். ஏதோ ஒரு மலை, ஒரு மரம். போயும் போயும் மரம்.

பேர்ணடெற் ஃபைலை மூடினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. போன மாசமே முடிவெடுத்தாச்சு, உம்மட பேர் இல்லை. அதை இனி மாத்த ஏலாது. ஆனா இரண்டாம் வருஷப் பிள்ளையளுக்கு வேற பட்டியல் இருக்கு. அதுக்கு வீடு பாக்க நான்தான் போறனான். முதல் வருஷத்தை எங்களை நம்பாமல் நீர்தான் தாண்ட வேணும். தாண்டினீரெண்டால், வந்து உம்மட பிளாஸ்டிக் கதிரையில இருப்பன்."