பேட்ச் நம்பர் இல்லாத புகார்

அன்று காலை பத்து மணிக்கு அக்கா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில் அத்தான். கட்டில் விளிம்பில் அக்கா. மேஜையில் பேப்பரும் பேனாவுமாக நான். கதவையொட்டிய ஸ்டூலில், உட்காரச் சொல்கிறார்களா என்று நின்று பார்த்துவிட்டுத் தானாகவே உட்கார்ந்த மருந்துக்கடை அம்மாள்.

அத்தான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. போன வாரம் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே சரிந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்டீயரிங் இல்லை. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதும் வேலை. மயக்கத்துக்கு இன்னதுதான் காரணம் என்று மாதக் கடைசிக்குள் எழுத்தில் தராவிட்டால் கேட்டே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

காரணம் தனக்குத் தெரியும் என்றாள் அக்கா. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வருஷமாகப் போட்ட கம்பெனி மாத்திரையில் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மாதம் கடையில் ஜெனரிக் என்று ஏதோ மலிவு மாத்திரை கொடுத்தார்கள், ஆள் விழுந்தார். முந்தின நாள் கடைக்கே போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டும் வந்திருந்தாள். மனு, கடிதம் என்றால் எங்கள் வீட்டில் என் தலையில்தான் கட்டுவார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மூன்று பத்தியில் புகார் எழுதி நான் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாளே வந்து நின்றார்.

புகாரைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார். சண்டை ஆரம்பமாகப் போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா அட்டை மேல இருக்குற பேட்ச் நம்பர் போடலியே. அது இல்லாம எதைச் சோதிப்பாங்க? அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நானே பார்த்துச் சொல்றேன்."

தன் மேல் போகும் புகாருக்குத் தானே திருத்தம் சொல்லும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா மருந்து டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். ரோஸ் மாத்திரை அட்டை ஒன்று, வெள்ளை மாத்திரை அட்டை ஒன்று. இரண்டுமே பாதி காலி. அந்த அம்மாள் நம்பரை மறந்துவிட்டு, விழுந்த அன்று காலையில் எதைப் போட்டீர்கள் என்று அத்தானிடம் கேட்டார்.

"ரெண்டையும்தான். அவதான் குடுப்பா."

"மலிவு சரக்கு, கேக்குமோ கேக்காதோன்னு பழசையும் சேர்த்துக் குடுத்தேன்," என்றாள் அக்கா. "தப்பா?"

அந்த அம்மாள் இரண்டு அட்டைகளையும் திருப்பி வைத்து நகத்தால் காட்டினார். ஒன்றில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக, மருந்தின் பெயர் எறும்பளவில். மற்றதில் மருந்தின் பெயர் மட்டும். அளவும் ஒன்றே. நிறமும் வடிவமும் மாறும், உள்ளே வேலை செய்யும் மருந்து மாறாது, ரத்தத்தில் அதே அளவு சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் விற்கவே விடுவார்கள் என்றார். ஆக, விழுகிற வரை அத்தான் தினமும் இரட்டை அளவு விழுங்கியிருக்கிறார். அந்த அம்மாள் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார்; அன்று மத்தியானமே அத்தானை வரச் சொன்னார் டாக்டர்.

அக்கா முகம் செத்துவிட்டது. "நானே இவரைத் தள்ளி விட்டுட்டேனா?"

"நீங்க பயந்ததுல தப்பில்லைம்மா. இதுவும் அதுவும் ஒண்ணுதான், ஒண்ணை மட்டும் போடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். கூட்டத்துல விலையை மட்டும் சொல்லி அனுப்பிட்டேன்."

பத்து நாள் வெள்ளை மாத்திரை மட்டும். டாக்டர் மூன்று தடவை அளந்து பார்த்தார். அழுத்தம் சீர், மயக்கம் இல்லை. அவருடைய சான்றிதழோடு மேனேஜருக்கு நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் மருந்துக்கடைக்குப் போனோம். படித்துவிட்டு அந்த அம்மாள் பேனா கேட்டார். மருந்தை மாற்றிக் கொடுத்தபோது விளக்கம் சொல்லத் தவறியது தான்தான் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையும் வைத்தார்.

"உங்க முதலாளி சும்மா விடுவாரா?" என்றாள் அக்கா.

"விடமாட்டார். ஆனா காரணத்தை முழுசா எழுதலேன்னா டிப்போவுல நம்ப மாட்டாங்களே."

அவருடைய கவுண்டரிலேயே உறையில் பசை தடவி ஒட்டினேன். ஓரத்தை அக்கா கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தாள். எதிர்ச்சாரியில் தபாலாபீஸ். பதிவுத் தபாலில் சேர்த்து ரசீது வாங்கிக்கொண்டேன்.