இணைப்பில் இருங்கள்

அப்பாவின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போடும்போதுதான், மேலே ஒன்றைத் தவறவிட்டிருப்பதை மகள் கவனித்தாள். கழுத்துப்பட்டை ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கிடந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகளவு திருகாணிகளை முடுக்குகிற கை அது. இன்று ஒரு பொத்தான் அதற்கு அகப்படவில்லை.

"விடு, நான் போடுறேன்," என்றாள் அம்மா. சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. சுவரோடு சாய்ந்து அப்பாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல்வரை நாற்காலிகள் போட்டாகிவிட்டது. எல்லாம் சித்தப்பா ஏற்பாடு. அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். தேர்தலுக்கு இன்னும் மூன்றே நாள். சட்டைப் பையில் குத்தியிருந்த சின்னத்தை இன்றைக்கு மட்டும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். ஊசி குத்திய இரண்டு துளைகள் துணியில் அப்படியே தெரிந்தன. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் காலையிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு வந்துச்சு. ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. யாரு இருந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

மகள் அதை மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. சொல்கிறவருக்கும்.

அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுப் போட்டே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் 'டைம் கீப்பர்'தான். குழாயில் தண்ணீர் எத்தனை நிமிடம் வந்தது, மின்சாரம் எத்தனை நிமிடம் நின்றது என்பதையெல்லாம் மனசிலேயே வைத்திருப்பார். பிறகு வானொலியின் நாலு மணி விவாதத்துக்குப் போன் போட்டுக் கணக்காகச் சொல்லுவார். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன், அமைச்சரோ அதிகாரியோ எதிரில் இருந்தால் விட்டு விளாசுவார். நிகழ்ச்சி நடத்துகிறவருக்குக்கூட அவருடைய குரல் அத்துப்படி.

கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்து, வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

அப்போது உள்ளறையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

வாசலில் பேச்சு நின்றது. உள்ளறையில் யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கரகரவென்று ஓர் இரைச்சல். அதிலிருந்து மெல்ல ஓர் இசை எழுந்தது.

"ரேடியோம்மா," என்றாள் மகள். தன் குரல் ஏன் இவ்வளவு தாழ்ந்துபோனது என்று அவளுக்கே தெரியவில்லை. "நாலு மணிக்குத் தானா பாடுற மாதிரி அப்பா வெச்சிருக்காங்க."

"போய் அணைச்சுட்டு வரேன்," என்று சித்தப்பா எழுந்தார். உள்ளறை வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்றைய தலைப்பு, ஆம்புலன்ஸ் நிலையங்களின் ஒருங்கிணைப்பு: மக்களுக்கு லாபமா, நஷ்டமா? துறை அதிகாரி நம்மோடு இருக்கிறார். முதல் நேயர் யாருன்னு நான் சொல்ல வேண்டியதே இல்லை. வாங்க டைம் கீப்பர் ஐயா! நலமா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க," என்றார் அப்பா.

எதிர்வீட்டுத் தையல்காரர் சட்டென்று அப்பாவின் உதடுகளைப் பார்த்தார். பார்த்ததற்கு வெட்கப்பட்டவர்போல உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

மகளுக்குத் தெரியும். நேயர்களின் கேள்விகளை முந்தின நாளே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அப்போதுதான் பேசுவதுபோல ஒலிபரப்புவார்கள். நேற்று சாயங்காலம் அப்பா இதே கூடத்தில், இப்போது கிடத்தியிருக்கிற இடத்துக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்துதான் பேசினார். தேர்தல் நேரம் என்பதால் தெருவில் பல வீடுகளில் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அரை நொடி முந்தி, இன்னொரு வீட்டில் அரை நொடி பிந்தி. அப்பா ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிப் பேசிக்கொண்டு போவதுபோல இருந்தது.

"நாலு நிலையத்தை மூடிட்டு ஊருக்கு வெளியில ஒண்ணு கட்டியிருக்கீங்க. சந்தோஷம். நான் அங்கிருந்து என் வீட்டுக்கு மூணு நாளு, மூணு வேளை ஆட்டோவுல வந்து பாத்தேங்க. குறைஞ்சது முப்பத்தெட்டு நிமிஷம். ரயில்வே கேட் மூடியிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. நெஞ்சு வலிக்கிறவன் முப்பத்தெட்டு நிமிஷம் என்னங்க பண்ணுவான், பேப்பர் படிப்பானா?"

வானொலி நிலையத்தில் யாரோ சிரித்தார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அப்பாவின் மார்புமேல் துணி லேசாக ஏறி இறங்கியது.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மாவின் கண்கள் இன்னும் அந்தப் பாதங்கள்மேல்தான் இருந்தன. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, சரி," என்றது வானொலி, குரலைத் தாழ்த்தி.

வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நேற்றும் அம்மா அதே இடத்தில் அதையேதான் சொன்னாள். அதற்குத்தான் அந்தச் 'சரி, சரி'. மகளுக்கு அது நினைவு வந்தபோது, அடுத்து வரப்போவதும் நினைவு வந்தது. நேற்று கடையிலிருந்து தலைவலியோடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாளே. சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு போய் ரேடியோவை அணைத்துவிடலாம். ஆனால் தெருவில் இருக்கிற மற்ற ரேடியோக்களை யார் அணைப்பது?

"செத்த பிறகாவது அந்தப் போனை…"

அவளுடைய குரல்தான். எங்கோ தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக. பிறகு பொத்தென்று ஓர் அடைப்பு. அப்பா போனை உள்ளங்கையால் பொத்தியிருக்கிறார். இரண்டு நொடி எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்லைங்க," என்றார் அப்பா. "என் பொண்ணு. சாப்பிடக் கூப்பிடுறா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்களும் வாயும் மூடி, காலையில் அவள் வாரிவிட்ட வகிடு கலையாமல் இருந்தது.

அதிகாரி பேசத் தொடங்கினார். இதமான குரல். "ஐயாவோட கவலை எனக்குப் புரியுது. ஆனா மாநில அளவுல சராசரி பன்னிரண்டு நிமிஷம்தான். வதந்திகளை நம்ப வேண்டாம். ஐயா நூறு வயசு இருக்கணும்."

"ஐயாவோட பதிலையும் கேட்டுடுவோம். நேரலையில அழைக்கிறோம்," என்றார் நடத்துகிறவர்.

ஜன்னல் விளிம்பில் இருந்த அப்பாவின் போன் அதிர்ந்து, கண்ணாடியில் உரசிக் கிறீச்சிட்டது.

நாலாவது அதிர்வில் மகள் எழுந்துபோய் எடுத்தாள். ஒரு பெண்குரல், அவசரமாக: "ஐயா, ஒரு நிமிஷம்தான் நேரம். இணைப்பில் இருங்க."

சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். "வேணாம்மா," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "எலக்‌ஷன் நேரம். வீட்டுல பொணத்தை வெச்சுக்கிட்டு அரசியல் பேசினாங்கன்னு ஆயிடும். வெச்சுடு."

அப்போதுதான் அம்மா எழுந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக. சித்தப்பாவின் விரல்களை மகளின் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"டைம் கீப்பர் ஐயா!" என்றது போன்.

"நான் அவரோட பொண்ணு பேசுறேன்."

"சொல்லுங்கம்மா. அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காங்க. முன்னாடிதான் இருக்காங்க."

"அவர்கிட்ட குடுங்களேன்."

"முடியாதுங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க. ஒன்பது ஏழுக்கு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மணியப் பாத்து வெச்சுக்கன்னு அப்பாதான் சொன்னாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒன்பது முப்பத்தொண்ணு வரைக்கும் கேட்டாங்க. அதுக்கப்புறம் கேக்கல. வண்டி ஒன்பது அம்பதுக்கு வந்துச்சு. நாப்பத்து மூணு நிமிஷம். அவ்வளவுதாங்க."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

உள்ளறை ரேடியோவில் அதிகாரி இன்னமும் புதிய நிலையத்தின் வசதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒலிபரப்பு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் வெட்டுவதற்கு என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது. தன் குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்கப் பயமாக இருந்தது. வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது.

"டைம் கீப்பர் ஐயாவை இணைக்க முயற்சி பண்ணினோம்," என்றார் நடத்துகிறவர். குரல் கொஞ்சம் தடுமாறியது. "இணைப்பு கிடைக்கலை. ஐயா எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஒரு சிறு இடைவேளை."

சுவர்ப் பூச்சு விளம்பரம் ஒன்று துள்ளலாகப் பாடத் தொடங்கியது. தெருவிலும் வீட்டுக்கு வீடு அதே பாட்டு.

சித்தப்பா உள்ளே போய் ரேடியோவின் பிளக்கை மொத்தமாகப் பிடுங்கினார். திரும்பி வந்தவர் நாற்காலிக்குப் போகவில்லை. அண்ணனின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

"அவ்வளவு நேரமும் அண்ணனுக்கு நினைவு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சித்தப்பா."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல."

அவர் வெள்ளைத் துணியின் ஓரத்தை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அதற்குப் பிறகு உள்ளே வந்தவர்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரரின் மனைவி வாசலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பாதி வேலையில் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"நாங்க அங்க ரேடியோவத்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம்," என்றாள். "நீ பேசினது வரவே இல்ல. எங்க வீட்டுக்காரரு வந்து சொல்லித்தான் தெரியும். எத்தனை நிமிஷம்னு சொன்னே?"

"நாப்பத்து மூணு."

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். தெருவில் நின்ற ஒருத்தி ஏதோ கேட்க, தையல்காரரின் மனைவி அவள் காதருகே குனிந்தாள். கேட்டவள் அடுத்த வாசலில் நின்றவரிடம் திரும்பினாள். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சாயங்கால வெயிலில் தெரு ஆள் ஆளாகத் தலை சாய்த்துக்கொண்டு போனது. சத்தமே இல்லை. கடைக்கோடியில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கீழே எட்டிப் பார்த்து என்னவென்று கையசைத்துக் கேட்டாள். கீழே நின்றவர் தலைக்குமேல் கையை உயர்த்தி, முதலில் நான்கு விரல்களைக் காட்டினார். பிறகு மூன்று.